சொந்தத்துக்குள்ள கோவமா? மன்னிக்கிறதை எங்க தொடங்கிறது

எங்கட பக்கம் ஒருத்தரோட கதை பேச்சு இல்லையெண்டால் "அவையோட நாங்கள் கோவம்" எண்டுதான் சொல்லுவம். உளவளத்துணைக்கு என்னட்ட வாற கனபேர் முதல் கேக்கிறது, "நான் மன்னிச்சால் திரும்பவும் அவையின்ர வாசல் மிதிக்க வேணுமோ?" எண்டுதான். தேவையில்லை. மன்னிக்கிறதுக்கு ஒராள் காணும், சேருறதுக்கு ரெண்டு பேர் வேணும், அதிலயும் பிழை விட்டவர் திருந்தியிருக்க வேணும். அடிக்கிற மனுசனை மன்னிக்கலாம், அதுக்காக அந்த வீட்டில இருக்கவேணும் எண்டில்லை, முதல் உங்கட பாதுகாப்பைப் பாருங்கோ.

சரி, முதல் ஒரு கொப்பியை எடுத்து என்ன நடந்தது எண்டு எழுதுங்கோ. "எங்களை அழிச்சுப்போட்டான்" எண்டு பொதுவா எழுதாமல், ஆர் என்ன செய்தது, அதால நீங்கள் எதை இழந்தனீங்கள் எண்டு எழுதுங்கோ. மன்னிப்பைப் பற்றிக் கனகாலம் ஆராய்ஞ்ச அமெரிக்க உளவியலாளர் ரொபேர்ட் என்றைற்றும் கோவத்தை வெளியில எடுத்துப் பாக்கிறதைத்தான் முதல் கட்டமா வைக்கிறார். இதில அவசரப்படாதேங்கோ.

என்ர அப்பாவும் சித்தப்பாவும் 11 வருசம் கோவம். எல்லை வேலிக் கதியாலை அரை முழம் தள்ளி நட்ட பிரச்சினை. அப்பான்ர செத்தவீட்டுக்கு சித்தப்பா வந்தவர், ஆனா படலையடியில சைக்கிள் ஹாண்டிலைப் பிடிச்சபடியே நிண்டிட்டுப் போட்டார், ஒருத்தரும் உள்ளுக்கு வாங்கோ எண்டு சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. பேந்து நான் கொப்பி கொப்பியா எழுதினது முழுக்க வேலியைப் பற்றித்தான், ஒருநாள்தான் விளங்கினது எனக்கு நொந்தது அரை முழம் காணி இல்லை, சின்னனில என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போன அந்தச் சைக்கிள் பாரை நான் இழந்ததுதான் எண்டு.

அடுத்தது ரெண்டு கதிரை. எதிரும் புதிருமாப் போட்டு ஒண்டில இருந்து மற்றதில அவர் இருக்கிறார் எண்டு நினைச்சு வாய்விட்டுச் சொல்லுங்கோ, அழுகை வந்தால் அழுங்கோ, பிறகு எழும்பி மற்றக் கதிரையில இருந்து அவராவே பதில் சொல்லுங்கோ. விசர் வேலை மாதிரித் தெரியும், ஆனா அவரும் ஏதோ பயத்தில செய்தவர் எண்டு தட்டுப்படுறது அந்த ரெண்டாவது கதிரையிலதான். செய்தது சரியெண்டு அதுக்குக் கருத்தில்லை.

எவெரெற் வேர்திங்ரன் எண்ட இன்னொரு அமெரிக்க உளவியலாளர் மன்னிப்பை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த காலத்திலதான், 1996 தொடக்கத்தில, அவற்ற தாயை வீடு உடைச்சு வந்த ஆள் கொலை செய்தது. பழி வாங்கிறதில்லை எண்டு முடிவெடுக்கிறது ஒரு மன்னிப்பு, மனசு இளகிறது வேறொரு மன்னிப்பு எண்டு அவர் பிரிக்கிறார். முதலாவது ஒரு நாளில நடக்கலாம், ரெண்டாவதுக்கு வருசம் எடுக்கும். அதால கோவம் திரும்பி வந்தால் மன்னிப்புப் பொய்யாப் போச்சு எண்டு நினைக்காதேங்கோ.

நித்திரை இல்லை, சாக யோசினை வருது எண்டால் இதெல்லாத்தையும் விட்டிட்டு இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கோ.

போய்ச் சந்திக்கிறதெண்டால் கலியாணவீடு, செத்தவீடு வேண்டாம், சனத்துக்கு முன்னால ரெண்டு பேருக்கும் மானப்பிரச்சினையாப் போயிடும். சும்மா ஒரு பின்னேரம் போங்கோ, வெறுங்கையோட போகாதேங்கோ, பழசை எடுக்காதேங்கோ. நான் ஒரு சனிக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோட போய் மழையும் வெங்காய விலையும் அரை மணித்தியாலம் கதைச்சிட்டு வந்தனான். கதியாலைப் பற்றி இன்னும் கதைக்கேல்லை.