அச்சுக்குப் போகும் முன் அரசுப் படிவத்தைச் சோதிப்பது எப்படி?

"படிவம் புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கேட்பவர் அதிகாரி போலத் தெரிந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் கருத்துக் கேட்காமல், எதிரில் உட்கார்ந்து நிரப்பச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பேர் போதும். பாதிப் பேராவது எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களாக இருக்கட்டும். கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதிப்பது வீண். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் ஒருவரையும் சேருங்கள். மக்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். சோதனையை அலுவலகத்தில் வைக்காமல் அவரவர் வீட்டுக்கே போங்கள். வேலையை விட்டு வருபவருக்குக் கூலியை ஈடுகட்டுங்கள்.

"சோதனை உங்களுக்கு இல்லை, இந்தத் தாளுக்குத்தான்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்மையான ஆதார் எண்ணை எழுத விடாதீர்கள். 12 இலக்கப் பொய் எண்ணைத் துண்டுச்சீட்டில் கொடுங்கள். நிரப்பிய தாளை முடிவில் அவரிடமே கொடுத்துவிடலாம்.

ஒருவர் பேச, இன்னொருவர் குறிப்பெடுக்க வேண்டும். "இதுல என்ன எழுதணும்?" என்று கேட்டால், "நாங்க இல்லைன்னா என்ன எழுதுவீங்க?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். உதவத் துடிக்கும் வாய்தான் பெரும்பாலான சோதனைகளைக் கெடுக்கிறது. குறிப்பில் "குழம்பினார்" என்று எழுதாமல், "4ஆம் கட்டத்தில் பேனா நின்றது, மகளைப் பார்த்தார்" என்று கண்டதை எழுதுங்கள்.

சில கட்டங்களை முன்கூட்டியே சந்தேகப்படலாம். குடும்பப் பெயர் கட்டாயம் என்றால், தலைப்பெழுத்தோடு மட்டும் பெயர் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அப்பா பெயரை எழுதுவார், அது ஆதாரோடு ஒத்துப்போகாது. கதவு எண்ணில் பழையதா புதியதா என்ற கேள்வி வரும். கைபேசி எண் கட்டத்தில் மகனின் எண்ணை எழுதினால், ஓடிபி வெளியூரில் இருக்கும் அவர் போனுக்குப் போகும். ஆண்டு வருமானம் கேட்டால் தினக்கூலிக்காரர் நாள் கூலியை எழுதுவார், அல்லது விட்டுவிடுவார். அங்கே விளக்கக் குறிப்பு சேர்ப்பதில் பயனில்லை, யாரும் படிப்பதில்லை. கேள்வியையே உடையுங்கள்: ஒரு நாள் கூலி எவ்வளவு, வருடத்தில் எத்தனை மாதம் வேலை, மாதத்துக்கு எத்தனை நாள்? பெருக்கும் வேலை அலுவலகத்துடையது.

சொற்களோடு கட்டங்களின் இடத்தையும் பாருங்கள். 2000 அமெரிக்க அதிபர் தேர்தலில், புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வாக்குச்சீட்டில் முதியோருக்காக எழுத்தைப் பெரிதாக்கினார்கள். அதனால் பெயர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து, வாக்களிக்கத் துளையிடும் இடங்கள் நடுவில் வந்தன. இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர் அல் கோர், ஆனால் அவருக்கான துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்து பேட் புகானனுக்கு. ஒன்றுக்கு மேல் துளையிட்டதால் 19,000க்கும் அதிகமான சீட்டுகள் செல்லாமல் போயின. மாநிலத்தில் கோர் தோற்ற வித்தியாசமோ வெறும் 537 வாக்குகள். நல்லெண்ணத்தில் செய்த திருத்தத்தையும் சோதிக்காமல் விடக்கூடாது.

ஒரே இடத்தில் இரண்டு பேர் தடுமாறினாலே திருத்துங்கள். அடுத்த சுற்றுக்குப் புது ஆட்கள் வேண்டும். பழையவர்களுக்குப் படிவம் பழகிவிட்டிருக்கும். அப்போதும் அதே கட்டத்தில் பேனா நின்றால், அந்த விவரம் எதற்கு என்று துறையைக் கேளுங்கள். குடும்ப அட்டை எண்ணை வைத்தே அதை எடுக்க முடியுமென்றால் கட்டத்தையே நீக்கிவிடலாம்.