பழைய லீ-என்ஃபீல்டு ரைபிளை இனங்காணலும் செப்பனிடலும்

‘த்ரீ நாட் த்ரீ’ என்று சொன்னால் நம் ஊரில் விளக்கம் தேவைப்படாது. காவல் நிலைய வாசலிலும், வங்கிக் காவலரின் தோளிலும், என்.சி.சி. அணிவகுப்பிலும் நாம் பார்த்துப் பழகிய அந்த மரக்கட்டை ரைபிளின் முறையான பெயர் லீ-என்ஃபீல்டு. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட் (தோட்டா அறையைக் கையால் திறந்து மூடும் தாழ்) அமைப்பும், இங்கிலாந்தின் என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையில் உருவான குழல்வரி (குழலின் உட்புறச் சுருள் பள்ளம்) முறையும் சேர்ந்து 1895-இல் இந்தப் பெயர் பிறந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாள் அணிவகுப்பில்தான் இதற்கு விடை கொடுத்தது என்றால், இதன் ஆயுள் எவ்வளவு நீண்டது என்பது புரியும். பல நாடுகளில் பல தொழிற்சாலைகள் இதைச் செய்தன. ஒவ்வொன்றும் தன் முத்திரையை எஃகில் பதித்தது. அந்த முத்திரைகளைப் படித்து முடிக்கும் முன் எண்ணெயையோ உப்புத்தாளையோ தொடக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியின் முதல் நிபந்தனை. அவசரப்பட்டுச் செப்பனிடுவோர் பெரும்பாலும் அழிப்பது துருவை அன்று, அடையாளத்தைத்தான்.

அதற்கும் முன்பாகச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்; .303 படைத்துறைத் தோட்டாவின் அளவு என்பதால் தடைசெய்யப்பட்ட துளை வகையில் சேர்கிறது. தாத்தாவின் பரணிலிருந்து ஒன்று கிடைத்தால் அதைத் துடைக்கத் தொடங்காமல் வழக்கறிஞரையும் காவல் நிலையத்தையும் அணுகுவதே சரி. பிரிட்டனில் இதற்குச் சான்றிதழ் வேண்டும். அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தவை ‘கியூரியோ’ எனும் சேகரிப்புப் பொருள் வகையில் வருகின்றன. கீழே வருவன யாவும் சட்டப்படி கையில் இருக்கும் ரைபிளுக்கு, அல்லது அருங்காட்சியகத்திலோ படைப்பிரிவின் நினைவுக் கூடத்திலோ காட்சிக்கு இருக்கும் ரைபிளுக்கு உரியவை.

மேசையில் வைத்தவுடன் மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதியுங்கள். நூறு ஆண்டுப் பழமை துப்பாக்கியைப் பாதுகாப்பான பொருளாக மாற்றிவிடுவதில்லை.

வகையைப் பிரித்தல்

முதல் பார்வையிலேயே மூன்று குடும்பங்களைப் பிரித்துவிடலாம். குழலின் நுனி வெளியே தெரியாமல் தட்டையான உலோக மூக்குமூடிக்குள் அடங்கி, பின் குறி (இலக்கைப் பார்க்க உதவும் பின்பக்க அமைப்பு) குழலின் நடுப்பகுதியில் அமர்ந்திருந்தால், அது எஸ்.எம்.எல்.இ. (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு) எனப்படும் குட்டை ரகம். 1926-இல் பெயர் முறை மாறியபோது இதுவே ‘நம்பர் 1’ ஆனது. குழல் நுனி சிறிது வெளியே நீண்டு, பின் குறி கண்ணுக்கு அருகில் போல்ட்டின் மேல் வளையமாக நின்றால், அது இரண்டாம் உலகப் போரில் பரவிய ‘நம்பர் 4’. புனல் போன்ற தீச்சுடர் மறைப்பும், குழலைத் தாங்கும் முன்கட்டை குறுகியும், தோளில் ஊன்றும் அடிக்கட்டையின் முனையில் ரப்பர்த் திண்டும் இருந்தால், 1944-இல் வந்த ‘நம்பர் 5’. காட்டு கார்பைன் (குட்டை ரைபிள்) என்று அறியப்படுவது இதுதான்.

எஸ்.எம்.எல்.இ.யில் 1907-இல் ஏற்கப்பட்ட மார்க் 3-உம், 1916-இன் மார்க் 3*-உம் தான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். முதல் உலகப் போரின் நடுவில் உற்பத்தியை விரைவுபடுத்த வேண்டியிருந்ததால், மேகசினை அடைத்து ஒவ்வொரு தோட்டாவாக இடச் செய்யும் தகட்டையும், முன்கட்டையின் இடப்பக்கம் இருந்த நெடுந்தொலைவுக் குறியையும் விட்டுவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தின் சின்னம்தான் நட்சத்திரம். ஆகவே நட்சத்திர முத்திரை உள்ள ரைபிளில் நெடுந்தொலைவுக் குறி பளபளவென்று பொருத்தியிருந்தால், யாரோ பிற்காலத்தில் அழகுக்காகச் சேர்த்திருக்கிறார்களா என்று ஐயுறுங்கள்.

முத்திரைகளை வாசித்தல்

எஸ்.எம்.எல்.இ.யின் பிறப்புச் சான்றிதழ் அடிக்கட்டை எஃகோடு சேரும் கழுத்து வளையத்தின் வலப்பக்கத்தில் இருக்கிறது. மேலே கிரீடம், அதன் கீழ் அரசரின் முதலெழுத்துகள், பிறகு தொழிற்சாலையின் பெயர், ஆண்டு, ரகம் என்ற வரிசையில் அது அமையும். என்ஃபீல்டு, பர்மிங்காமின் பி.எஸ்.ஏ., லண்டனின் எல்.எஸ்.ஏ., 1912-இல் தொடங்கிய ஆஸ்திரேலியாவின் லித்கோ, ஹூக்ளிக் கரையில் உள்ள நம் இச்சாப்பூர் ஆகியவை அங்கே காணக்கூடிய பெயர்கள். இச்சாப்பூரில் செய்தவற்றில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று பேரரசருக்குரிய மூன்றாம் எழுத்தும் சேரும். விடுதலைக்குப் பிறகு கிரீடம் மறைந்து அசோகச் சிங்கமும், இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையைக் குறிக்கும் ‘ஆர்.எஃப்.ஐ.’ எழுத்துகளும் வந்தன. நம்பர் 4-இல் வரிசை எண்ணே ஊரைச் சொல்லிவிடும்: எண்ணின் நடுவே ‘எல்’ எழுத்து இருந்தால் கனடாவின் லாங் பிராஞ்ச், ‘சி’ இருந்தால் அமெரிக்காவின் சாவேஜ். சாவேஜ் செய்தவற்றில் ‘அமெரிக்க அரசின் உடைமை’ என்ற வாசகமும் உண்டு. ஆனால் அவை பிரிட்டனுக்குக் கடனாக அனுப்பப்பட்டவை.

அகல அம்புக்குறி பிரிட்டிஷ் அரசுடைமையின் அடையாளம். அதனோடு ‘ஐ’ சேர்ந்தால் இந்தியா, ‘சி’ எழுத்துக்குள் அம்பு நின்றால் கனடா, இரண்டு ‘டி’களுக்கு நடுவே நின்றால் ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் நுனியோடு நுனி முட்டி நின்றால், படையிலிருந்து முறைப்படி விற்கப்பட்டது என்று பொருள். ‘எஃப்.டி.ஆர்.’ என்ற எழுத்துகளோடு ஒரு ஆண்டு இருந்தால், தொழிற்சாலைக்குத் திரும்பி முழுமையாகப் பழுதுபார்க்கப்பட்ட ரைபிள் அது. இத்தகையதில் 1917-இன் எஃகும் 1950-களின் மரமும் சேர்ந்திருப்பது கலப்படம் ஆகாது, படையே செய்த வேலை. லித்கோ ரைபிளின் மரத்தில் ‘ஸ்லாஸ்’ என்ற நான்கு எழுத்தைக் கண்டு குழம்ப வேண்டாம்; டென்னிஸ் மட்டை செய்த ஸ்லேசெஞ்சர் நிறுவனம்தான் போர்க்காலத்தில் கட்டை செய்து கொடுத்தது.

இந்தியாவோடு தொடர்புடைய சில மாற்றங்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. முன்கட்டையின் குறுக்கே செல்லும் திருகு ஒன்று, மரம் பிளக்காமல் இருக்க இச்சாப்பூரில் சேர்க்கப்பட்டது. அதைச் சேதம் என்று எண்ணி மரத்தூளால் அடைத்த ஒருவரை எனக்குத் தெரியும். மேகசின் இருக்க வேண்டிய குழியில் மரக்கட்டை அடைத்து, குழலின் வரிகளை நீக்கி, ஒற்றைத் தோட்டா இடும் .410 மஸ்கெட்டாக மாற்றியவை காவலர்களுக்காகச் செய்யப்பட்டவை. 1960-களின் 2ஏ, 2ஏ1 ரகங்கள் தோற்றத்தில் பழைய எஸ்.எம்.எல்.இ. போலவே இருந்தாலும் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக வேறு எஃகில் செய்யப்பட்டவை. பெட்டி போன்ற சதுரமான மேகசின் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். ‘டி.பி.’ என்ற எழுத்துகள் பயிற்சிக்கு மட்டும் உரியது என்பதைக் குறிக்கும். என்.சி.சி.யில் இருந்தவர்களின் தோள் அதன் எடையை இன்னும் மறந்திருக்காது. தேய்வினாலோ பழுதினாலோ சுடத் தகுதியற்றது என்று படை ஒதுக்கியதற்கே அந்த முத்திரை இடப்பட்டது. ஆகவே அதை அழிக்கவோ அதன் முடக்கத்தை நீக்கவோ முயல்வது ஆபத்தும் குற்றமும் ஆகும்.

போலிகளும் உண்டு. பெஷாவருக்குத் தெற்கே தர்ரா ஆதம் கேலின் பட்டறைகளில், அரத்தையும் சுத்தியலையும் கொண்டே இவற்றைச் செய்து பழகிய கைகள் தலைமுறைகளாக இருக்கின்றன. அவர்களுடைய கைத்திறனைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் ஆங்கிலம் அறியாமல் எழுத்துகளைப் படம்போல் பார்த்துப் பொறித்ததால், திரும்பி நிற்கும் ‘என்’ எழுத்தும், பிழையான ‘என்ஃபீல்டு’ம், ஒன்றுக்கொன்று உயரம் பொருந்தாத எண்களும் அவற்றில் தென்படும். எளிய சோதனை ஒன்று: விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் காலமானார், எஸ்.எம்.எல்.இ. ஏற்கப்பட்டதோ 1902-இன் இறுதியில். ஆகவே விக்டோரியாவின் ‘வி.ஆர்.’ என்ற எழுத்துகளோடு ஒரு எஸ்.எம்.எல்.இ. வந்தால், அது பழைய நீண்ட ரைபிளை மாற்றிச் செய்ததாக இல்லாவிட்டால் போலி என்றே ஐயுறுங்கள்.

முத்திரை மங்கியிருந்தால் சுரண்டாதீர்கள். இருட்டறையில் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். போல்ட் பிடியின் பின்புறம், குழலும் உடலும் சேரும் இடம், மூக்குமூடி, பின் குறித் தகட்டின் அடிப்புறம், முன்கட்டையின் கீழ்நுனி ஆகிய இடங்களில் உள்ள வரிசை எண்களைப் படமெடுத்து ஒப்பிடுங்கள். போல்ட்டும் உடலும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால், தகுதிபெற்ற துப்பாக்கித் தொழிலாளி அளவிகளால் சோதிக்கும்வரை அந்த ரைபிளைச் சுடக் கூடியதாகக் கருதவே கூடாது.

கழற்றும் வரிசை

எஸ்.எம்.எல்.இ.யைக் கழற்றுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. அடிக்கட்டையை இறுக்கும் நீண்ட திருகாணியின் முன்நுனி சதுரமாகச் செதுக்கப்பட்டு, முன்கட்டையின் பின்முனையில் உள்ள ஒரு சிறு தகட்டுக்குள் நுழைந்து நிற்கிறது. போரில் திருகாணி தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. இதை அறியாதவர், அடிக்கட்டை ஆடுகிறதே என்று பின்பக்கத்திலிருந்து நீண்ட திருப்புளியை விட்டுத் திருகினால், அந்தச் சதுர நுனி சுழன்று முன்கட்டையின் பின்முனையைப் பிளந்துவிடும். கடைகளில் விற்பனைக்கு வரும் முன்கட்டைகள் பலவற்றில் காணப்படும் அந்த விரிசலுக்குத் தோட்டாவின் உதைப்பைவிடத் திருப்புளியே அதிகக் காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே முன்கட்டை கழன்ற பின்னரே அடிக்கட்டையைத் தொட வேண்டும்.

வரிசை இதுதான். போல்ட்டும் மேகசினும் முதலில். பிறகு மூக்குமூடியின் திருகுகளை எடுத்து, அதை நேராக முன்னோக்கி இழுங்கள். பக்கவாட்டில் அசைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய மரமுனை முறியும். பின்பு வளையங்கள், கைக்காப்பு மரங்கள். பின் கைக்காப்பு குழலைக் கவ்வும் வில்லால் நிற்பதால், இரு பக்கமும் சமமாக விரல் கொடுத்து மேலே எழுப்புங்கள். அதன் காது போன்ற நுனிகள் மிக எளிதில் உடைவன. அதன்பின் விசைக்காப்பின் திருகுகளை எடுத்தால் முன்கட்டை கீழ்நோக்கி விடுபடும். அப்போது குழலுக்கு அடியிலிருந்து ஒரு சிறு வில்லும் குமிழும் உருண்டு ஓடக்கூடும். கீழே வெள்ளைத் துணி விரித்திருந்தால் தேடும் வேலை மிச்சம். திருப்புளியின் நுனி திருகின் பிளவை முழுமையாக நிரப்ப வேண்டும். இறுகிய திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருப்பது, மறுநாள் சிதைந்த பிளவைப் பார்த்து வருந்துவதைவிட மேல்.

உலோகமும் மரமும்

பழைய தோட்டாக்களின் தீப்பொறிக் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் குழலில் உப்பாகப் படிந்து காற்றின் ஈரத்தை இழுத்துத் துருவை வளர்த்தது. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால்தான் அக்காலப் படைவீரர்கள் குழலில் கொதிநீரை ஊற்றிக் கழுவி, கயிற்றில் கட்டிய ஃபிளானல் துணியை இழுத்து உலர்த்தி, பிறகே எண்ணெய் இட்டார்கள். அந்தக் கயிறும் பித்தளை எண்ணெய்ப் புட்டியும் அடிக்கட்டையின் சிறு கதவுக்குள் இன்னும் இருக்கக்கூடும், திறந்து பாருங்கள். நீங்களும் அதே முறையைப் பின்பற்றலாம், மரம் கழற்றப்பட்டிருக்கும் வரையில்.

வெளிப்புறத் துருவுக்கு மெல்லிய எண்ணெயும் மிக நுண்ணிய எஃகுப் பஞ்சும் போதும். அழுத்தாமல், பல நாள்களுக்குப் பரப்பிச் செய்யுங்கள். வினிகரும் துரு நீக்கும் அமிலங்களும் வேண்டாம். கருநீலப் பூச்சும் இரும்பின் ஒரு வகை ஆக்சைடுதான் என்பதால், துருவைத் தின்னும் அமிலம் பூச்சையும் சேர்த்தே தின்றுவிடும். செந்துரு பரவிய சிறு பாகங்களை எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவிட்டால், செந்துரு கருநிற ஆக்சைடாக மாறும். பிறகு மென்மையாகத் தேய்த்து எண்ணெய் இடலாம். பிற்காலத்து ரைபிள்களில் கறுப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். அது பார்வைக்கு மட்டமாக இருந்தாலும் அந்தக் காலத்துக்கு உரியது என்பதால் உரிக்க வேண்டாம். பித்தளை அடித்தகட்டைக் குத்துவிளக்கைப் போல் துலக்குவோரும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

மரத்தைப் பொறுத்தவரை உப்புத்தாளுக்கு இங்கே இடமில்லை. ஒரு முறை தேய்த்தால் பரிசோதகரின் முத்திரைகள் போய்விடும். எஃகும் மரமும் சமமாகச் சேரும் விளிம்புகளும் தாழ்ந்துவிடும். அழுக்கை நாட்பட்ட எண்ணெயோடு சேர்த்துத் துணியால் எடுங்கள். மரம் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தால் சாக்குக்கட்டிப் பொடியைக் குழைத்துப் பூசி இளவெயிலில் வைத்தால், பொடி எண்ணெயை உறிஞ்சும். முத்திரை இல்லாத இடத்துப் பள்ளங்களை ஈரத்துணியின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து நீராவியால் எழுப்பலாம். மரத்தில் ஒட்டுப்போட்டு முளை அடித்த பழைய பழுதுகளைக் கண்டால் அப்படியே விடுங்கள்; அவை படைப்பட்டறையின் கைவேலை.

பூச்சுக்குக் காய்ச்சாத ஆளி விதை எண்ணெயே படையின் வழக்கம். கடையில் ‘கொதிக்கவைத்தது’ என்று விற்கப்படுவதில் விரைந்து உலர்த்தும் உப்புகள் சேர்ந்திருப்பதால் மேலே படலம் கட்டும். சில துளிகளை உள்ளங்கையில் எடுத்து, சூடு ஏறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டு, சில நாள்கள் கழித்து மறுபடி செய்யுங்கள். எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் கூடையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் உலரும்போது வெப்பம் விடுவதால் அந்தத் துணி தானாகவே தீப்பிடிக்கும். நீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவைத்த பின்னரே எறியுங்கள்.

மீண்டும் பூட்டும்போது அடிக்கட்டை முதலில் வரும். திருகாணியின் சதுர நுனி சாய்வில்லாமல் நிமிர்ந்து நின்றால்தான் முன்கட்டையின் தகடு அதன்மேல் இறங்கும். விசைக்காப்பின் முன் திருகைச் சூழ்ந்த சிறு எஃகு வளையத்தை மறந்தால் இறுக்கும்போது மரம் நசுங்கும். முடிந்தபின் உலோகத்தின் மேல் நுண்படிக மெழுகை மெல்லிதாகத் தேய்த்து, வெறும் கையால் தொடாமல், காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில் நிறுத்துங்கள். தோலுறையும் பஞ்சு வைத்த பெட்டியும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால், சென்னை போன்ற கடலோர ஊரில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றும் நாளில் குழலுக்குள்ளும் ஒரு முறை விளக்கடித்துப் பாருங்கள்.