பாடாங் செராயிலிருந்து இணையத்தில் வேலை தேடும் வழி

கெடாவின் பாடாங் செராய் சாலையோரத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால், முன்பு தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும் சைக்கிள்கள் தெரிந்த இடத்தில் இப்போது கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் பிறைக்கும் ஆள் ஏற்றிச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்துகள் தெரிகின்றன. அந்தப் பேருந்தில் ஏற வேண்டுமென்றால் ஒரு காலத்தில் தொழிற்சாலையின் வாசலுக்கே போய் மனுப் பாரம் வாங்கிப் பூர்த்தி செய்து கொடுத்தால் போதும். இன்று அதே வாசலில் நிற்கும் காவலர், "ஒன்லைன்ல போடுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். எங்கள் வட்டாரத்தில் மாதத்துக்கு இரண்டு மூன்று பேருக்காவது தன்விவரம் எழுத உதவி வருகிறேன். அதில் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தன்விவரத்தில் கை வைப்பதற்கு முன், மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உங்கள் கையில் நிலையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்னஞ்சலைக் கடைக்காரரோ சித்தி மகனோ திறந்து கொடுத்திருந்தால் கடவுச்சொல் அவர்களிடமே தங்கிவிடும். ஆகவே நீங்களே, உங்கள் பெயரில், புதிதாக ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். படிவம் மூன்றில் படிக்கும்போது விளையாட்டாக வைத்த பட்டப்பெயர் முகவரி இங்கே உதவாது. கைப்பேசி எண்ணால் வரும் இழப்பு இதைவிடப் பெரியது. முன்கட்டண சிம் அட்டைக்குப் பணம் போடாமல் விட்டால் எண் காலாவதியாகிவிடுகிறது. புதிய எண் வாங்கிக்கொள்கிறோம், ஆனால் மூன்று தளங்களில் கிடக்கும் தன்விவரத்தில் பழைய எண்தான் இருக்கும். மனிதவளப் பிரிவில் இருப்பவர் ஒரு முறை அழைப்பார், மிஞ்சினால் இரு முறை; அதற்கு மேல் பட்டியலில் உள்ள அடுத்த பெயருக்குப் போய்விடுவார். மின்னஞ்சலில் வேண்டாத கடிதங்கள் போய்ச் சேரும் பெட்டியையும் திறந்து பாருங்கள். எனக்கு வந்த ஒரு நேர்முகத் தேர்வு அழைப்பு அந்தப் பெட்டிக்குள் கிடந்ததை, தேர்வு நடந்து நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

அடுத்த தடுமாற்றம் பெயரில் வருகிறது. பெரும்பாலான தளங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் காட்டும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. முதல் கட்டத்தில் உங்கள் பெயரையும் இரண்டாவதில் தந்தையின் பெயரையும் இடுங்கள். நடுவில் மகன், மகள் என்று குறிக்க வரும் 'ஏ/எல்', 'ஏ/பி' என்பதிலுள்ள சாய்கோட்டைச் சில தளங்கள் ஏற்காமல், பிழை என்று சிவப்பு எழுத்தில் காட்டும். அங்கே கோட்டை மட்டும் விட்டுவிட்டு எழுத்துகளை இடலாம். ஆனால் நீங்கள் பதிவேற்றும் தன்விவரக் கோப்பில் பெயர் அடையாள அட்டையான மைகார்டில் இருப்பது போலவே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும். சான்றிதழும் அடையாள அட்டையும் மேசைக்கு வரும்போது பெயர் பொருந்தாவிட்டால், விளக்கம் சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடும்.

இனி தன்விவரம். முதல் வேலை தேடுபவருக்கு ஒரு பக்கமும் அனுபவம் உள்ளவருக்கு இரண்டு பக்கமும் போதும். மதம், உடன்பிறந்தோர் எண்ணிக்கை, தந்தையின் தொழில் என்று பழைய பாணியில் எழுதி இடத்தை நிரப்புவதைவிட, செய்த வேலையை விரித்து எழுதுவது நல்லது; தோட்டத்தில் வேலை செய்த பலர் அதைத்தான் சுருக்கிவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர், பதினொரு ஆண்டு வேலையைத் 'தோட்ட வேலை' என்ற இரண்டே சொற்களில் எழுதிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து கேட்டபோதுதான், நிலுவைக் கொட்டகையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுவரும் ரப்பர் பாலை நாள்தோறும் நிறுத்ததும், மெட்ரோலாக் என்ற அளவுகருவியை விட்டுப் பாலிலுள்ள ரப்பர் அளவு பார்த்ததும், ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே பதிவு செய்ததும், மாத முடிவில் கணக்கை எழுத்தரான கிராணியிடம் ஒப்படைத்ததும் தெரியவந்தன. சரக்கறை உதவியாளர் வேலைக்கு முதலாளி எதிர்பார்ப்பதும் இதையேதான்: நிறுத்தல், அளத்தல், பதிதல், கணக்கு ஒப்படைத்தல். அந்த நான்கையும் நான்கு வரிகளாக, எத்தனை பேர், எத்தனை ஆண்டு என்ற எண்களோடு எழுதினோம்.

செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவர், எத்தனை பேரை வேலை வாங்கினார், பழுத்த குலையையும் காயையும் எப்படிப் பிரித்தார், லோரி ஏற்றும் கணக்கை யார் வைத்திருந்தார் என்று எழுதலாம். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவருக்கும் எழுத நிறைய உண்டு. சான்றிதழ் இல்லையே என்று தயங்குபவர்கள், அனுபவத்தை ஆவணங்களாகத் தொகுத்துக் காட்டி மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் பெறும் வழி இருப்பதை அறிந்துகொள்ள வேண்டும். பிபிடி எனப்படும் அந்த முறையைத் திறன் மேம்பாட்டுத் துறை நடத்துகிறது.

முகவரியில் ஊரும் அஞ்சல் குறியீடும் இருந்தால் போதும். அதற்குக் கீழே, சொந்த மோட்டார் சைக்கிள் உண்டு, அதற்கான பி2 உரிமம் உண்டு, இரவு ஷிஃப்டுக்குத் தயார் என்று ஒரு வரி எழுதுங்கள். தோட்டத்துக்குள் இருந்து எப்படி வந்து சேருவார் என்ற கேள்வி, படிப்பவர் மனத்தில் கேட்காமலே எழும். பன்னாட்டுத் தொழிற்சாலைகளுக்கு ஆங்கிலத்திலும் உள்ளூர் நிறுவனங்களுக்குத் தேசிய மொழியிலுமாக இரண்டு கோப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். மொழிகள் என்ற பகுதியில் தமிழையும் சேர்த்து எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். கோப்பைப் பிடிஎஃப் வடிவில் சேமித்து, உங்கள் பெயரையும் வேலையின் பெயரையும் அதற்கு இடுங்கள். 'பைனல் 2' என்ற பெயரில் வரும் கோப்பு யாருடையது என்று எவருக்கும் தெரியாது. வீட்டில் கணினி இல்லாதவர்கள், அருகில் அரசாங்கத்தின் இணைய வசதி மையமான நாடி இருந்தால் அங்கே போய் எழுதலாம்.

எங்கே பதிவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. தனியார் வேலைக்கு ஜோப்ஸ்ட்ரீட் ஒன்று. 1997ல் இந்நாட்டிலேயே தொடங்கப்பட்ட அது, 2014 முதல் ஆஸ்திரேலியாவின் சீக் நிறுவனத்திடம் இருக்கிறது. மற்றொன்று, நாம் சொக்சோ என்று சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ். இது தேசிய வேலை வாய்ப்புத் தளம், கட்டணம் கிடையாது. அரசாங்க வேலைக்குப் பொதுச் சேவை ஆணையத்தின் எஸ்பிஏ9 தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். ஆசிரியர் வேலைக்கு ஆணையமே வேறு. ஆட்குறைப்பில் வேலை இழந்தவர்கள், வேலை காப்புறுதித் திட்டத்தின் உதவித் தொகைக்கு 60 நாளுக்குள் பெர்கேசோவிடம் மனு செய்ய வேண்டும் என்பதையும் கையோடு நினைவில் வைக்கட்டும்.

தேடும்போது ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. நாம் கிராணி என்கிறோம். தேசிய மொழி விளம்பரத்தில் அது 'கெரானி' என்றும் ஆங்கில விளம்பரத்தில் 'அட்மின் அசிஸ்டன்ட்' என்றும் இருக்கும். மூன்றையும் தனித்தனியே தட்டித் தேடினால்தான் எல்லா விளம்பரங்களும் கண்ணில் படும். இடத்துக்குக் கூலிம் என்று மட்டும் போடாமல் சுங்கை பட்டாணி, பிறை, பத்து காவான் என்றும் மாற்றிப் பாருங்கள். புதியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஒரு மாதமாகத் தொங்கும் விளம்பரத்துக்குப் பெரும்பாலும் ஆள் எடுத்து முடிந்திருக்கும்.

சம்பள வரியைக் கணக்குப் போட்டுப் படிக்க வேண்டும். '3,000 ரிங்கிட் வரை' என்று ஒரு விளம்பரம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரி முதல் ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கும், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் எல்லா முதலாளிகளுக்கும் அது பொருந்தும். அதை 26 நாளாலும் 8 மணியாலும் வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 8 ரிங்கிட் 17 காசு. சாதாரண நாளின் மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு என்றால் 12 ரிங்கிட் 26 காசு. மாதத்துக்கு மிகைநேரம் 104 மணிக்கு மேல் கூடாது என்பது விதி. அந்த 104 மணியையும் முழுதாகச் செய்தால் 1,275 ரிங்கிட் கூடி, மொத்தம் 2,975 வரும். ஆக, படித்தொகை எதுவும் இல்லாத இடத்தில் அந்த 3,000 என்பது, வீட்டுக்கு வந்து தூங்க மட்டுமே நேரம் இருக்கும் சம்பளம். ஆகவே நேர்முகத்தில், "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தளத்தில் தன்விவரத்தை ஏற்றும்போது, அதை யார் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். வேலை இல்லாதவர்கள் முதலாளிகள் தாமே தேடிக் காணும்படி திறந்து வைக்கலாம். இருக்கும் வேலையை விடாமல் வேறு தேடுபவர்கள் மறைத்து வைத்து, விரும்பும் இடத்துக்கு மட்டும் அனுப்பலாம். திறந்திருக்கும் கோப்பில் மைகார்டு எண் வேண்டாம். அரசாங்கத் தளங்கள் பதிவுக்கு அதைக் கேட்பது முறையானது. தனியார் நிறுவனத்துக்கு அது வேலை உறுதியான பிறகே தேவைப்படும். அப்போதும் நகலின் மேல் கோடிட்டு, இன்ன நிறுவனத்தின் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

திறந்து வைத்த கதவு வழியே வேண்டாதவர்களும் வருவார்கள். புலனம் எனும் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ மட்டும் பேசி, காணொளிக்கு விருப்பம் தெரிவித்தால் பணம் என்று தொடங்கி, பிறகு 'முன்பணம் கட்டுங்கள்' என்று கேட்பது வேலையே அல்ல. வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கேட்பவர்கள் உங்கள் கணக்கில் திருட்டுப் பணத்தை ஓட்டப் பார்க்கிறார்கள். அட்டையைக் கொடுத்தவர்மீதே வழக்கு வரும். விமானச் சீட்டு இலவசம், சம்பளம் பல மடங்கு என்று அழைக்கப்பட்டுக் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களிடம் அடைபட்ட மலேசியர்கள் பலர். வேலை வாங்கித் தரும் முகவருக்கு 1981ஆம் ஆண்டின் தனியார் வேலை வாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும், அதைக் கேளுங்கள். நிறுவனத்தின் பெயரை மலேசிய நிறுவன ஆணையத்தின் தளத்திலும், பணம் போடச் சொல்லும் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்திலும் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே தேசிய மோசடி உதவி மையத்தின் 997க்கு அழையுங்கள். வெட்கப்பட்டு மறுநாள் வரை காத்திருந்தால் பணம் பல கணக்கு தாண்டிவிடும்.

அனுப்பிய ஒவ்வொன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நிறுவனம், வேலை, தளம் என்று குறித்து வையுங்கள். மோசடிக்குப் பயந்து தெரியாத எண்ணை எடுப்பதில்லை என்று பலர் இப்போது முடிவெடுத்திருக்கிறார்கள். ஆனால் கூலிம், பிறைத் தொழிற்சாலைகளின் அலுவலகத் தொலைபேசி 04 என்றுதான் தொடங்கும். வேலைக்கு மனு போட்டிருக்கும் வாரங்களில் அதை எடுங்கள். எடுத்ததும் பெயர், நிறுவனம், வேலை மூன்றையும் கேட்டு, நோட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால், எந்த நாள், எந்த வாசல், எந்தெந்த அசல் சான்றிதழ்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோட்டில் இல்லாத பெயராக இருந்தால், விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.