பிம்: முப்பரிமாணப் படத்தோடு நின்றுவிடும் தவறுகள்

பிம் (BIM, Building Information Modelling) என்பது கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்தையும் அதன் தகவலோடு சேர்த்துக் கணினியில் மாடலாக உருவாக்கும் முறை. ஆனால் கட்டடத்தைத் திரையில் சுற்றிக் காட்டினாலே "நாங்களும் பிம் செய்கிறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். வெறும் வடிவமாக வரைந்த கதவும் பிம் மாடலில் உள்ள கதவும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பிம் கதவைச் சொடுக்கினால் அதன் அளவு, எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும், எந்த அறைக்கு உரியது எல்லாம் வர வேண்டும். அவசரத்தில் அதையே கதவு வகையில் சேர்க்காமல் பொதுப் பொருளாகப் போட்டுவிட்டால், படத்தில் கதவு இருக்கும், கதவுப் பட்டியலில் இருக்காது.

ரெவிட் போன்ற மென்பொருளை வாங்கிவிட்டால் பிம் வந்துவிடும் என்பது இன்னொரு நினைப்பு. 2018இல் வெளியான, பிம் தகவல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 19650 தரநிலையின் முதல் இரண்டு பகுதிகளும் எந்த மென்பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. யார், எந்தத் தகவலை, எப்போது, யாருக்குத் தர வேண்டும் என்பதுதான் அவற்றின் பேச்சு. இதை எழுதி வைக்காமல் மாடலைத் தொடங்குபவர்கள் பாதி வழியில் கட்டாயம் சண்டை போடுவார்கள்.

அதிகம் ஏமாற்றுவது கிளாஷ் அறிக்கை, அதாவது மாடலில் எது எதன்மீது மோதுகிறது என்று மென்பொருள் தரும் பட்டியல். முதல் தடவை ஓட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்கைத் துளைத்து இறங்கும் தீயணைப்பு ஸ்பிரிங்ளர் குழாய் போன்றவை, சைட்டில் எப்படியும் அப்படித்தான் இருக்கும். அவற்றை வடிகட்டி, பீமை வெட்டும் டக்ட்டை (காற்றுக் குழாயை) நகர்த்தி, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சீலிங்குக்கு மேலே இருக்கும் வால்வைத் திருகக் கை நுழைய இடம் உண்டா? எதுவும் எதன்மீதும் மோதவில்லை என்பதால் அறிக்கை வாய் திறக்காது. அந்த இடைவெளியையும் சோதிக்கும்படி நாம்தான் விதி கொடுக்க வேண்டும்.

அளவுக் கணக்கும் அப்படியே. பீமும் ஸ்லாபும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் அந்தக் கான்கிரீட் இருமுறை எண்ணப்படலாம். மாடலில் இல்லாத சாரமும் ஷட்டரிங்கும் (கான்கிரீட் வார்க்கும் அச்சுப் பலகைகள்) கணக்கில் வரவே வராது.

ஆரம்பத்திலேயே நட்டு போல்ட் வரை வரைவது வீண். இடமே முடிவாகாத பம்புக்கு ஒரு பெட்டி போதும்.

கட்டி முடிந்ததும் மாடலை ஓரங்கட்டுவதும் வழக்கம். பராமரிப்பவருக்கு அந்தப் பம்பின் வரிசை எண்ணும் உத்தரவாதத் தேதியும்தான் வேண்டும். ஒப்படைக்கும் வாரத்தில் தேடினால் கிடைக்காது. பம்ப் சைட்டுக்கு வந்திறங்கும் அன்றே ஏற்றிவிட வேண்டும்.