திரை வராத பழைய டெஸ்க்டாப்: பீப் ஒலியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. உடனே புது ராம் வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் எழும்புவதற்கு வெகு முன்பே, மதர்போர்டில் இருக்கும் பயாஸ், அதாவது கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள், ஒரு சோதனை ஓட்டம் நடத்தும். அதற்குப் போஸ்ட் என்று பெயர். 1981-ல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலேயே இது இருந்தது. பிராசசர், பயாஸ் சிப், டைமர், ராமின் ஆரம்பப் பகுதி, பிறகு கிராபிக்ஸ் கார்டு என்று ஏறத்தாழ இந்த வரிசையில் சோதனை நகரும். கிராபிக்ஸ் கார்டு தயாராகும்வரை திரையில் எதையும் எழுத முடியாது. அதனால் அதுவரை எது தடுக்கினாலும் பெரும்பாலும் பீப் ஒலி வரும். அதைத் தாண்டிய பிறகு தடுக்கினால் திரையில் எண்ணோ வாசகமோ வரும். திரை இருண்டிருந்து பீப் கேட்டாலே, ஹார்டு டிஸ்கையும் விண்டோஸையும் இப்போதைக்கு மறந்துவிடலாம்.

1. ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள்

பல கேபினெட்களில் இந்தச் சின்ன ஸ்பீக்கரே இருக்காது. பவர் பட்டன் ஒயர் செருகியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஸ்பீக்கர் என்று குறித்த நான்கு பின்கள் இருக்கும். அதில் ஒரு பஸ்ஸரை, அதாவது பீப் எழுப்பும் குட்டி ஸ்பீக்கரை, செருகுங்கள். இதைச் செய்யாமல் "பீப்பே வரவில்லை" என்று முடிவுகட்டினால், அடுத்து செய்வதெல்லாம் வீண்.

2. ஒலியை எழுதிக்கொள்ளுங்கள்

எத்தனை நீளம், எத்தனை குட்டை, நடுவில் எங்கே இடைவெளி? போனில் பதிவு செய்துகொண்டால் எண்ணிக்கை தப்பாது. அணைத்துவிட்டு மறுபடி போட்டு, அதே ஒலிதான் வருகிறதா என்றும் பாருங்கள்.

3. யாருடைய பயாஸ்?

பழைய கணினிகளில் பயாஸ் பெரும்பாலும் ஏஎம்ஐ, அவார்ட், ஃபீனிக்ஸ் என்ற நிறுவனங்களில் ஒன்றுடையதாக இருக்கும். மதர்போர்டில் பயாஸ் சிப்பின் மேல் ஒட்டிய லேபிளில் பெரும்பாலும் பெயர் இருக்கும். இது தெரியாமல் அர்த்தம் தேடக் கூடாது, ஏனென்றால் ஒரே ஒலிக்கு ஆளுக்கொரு பொருள்.

ஏஎம்ஐ-யில் குட்டை பீப்களை எண்ண வேண்டும்: 1 என்றால் ராம் ரிஃப்ரெஷ் (ராமில் உள்ளதை அழியாமல் புதுப்பிப்பது), 2 பாரிட்டி (ராமில் பிழை பார்க்கும் சோதனை), 3 ராமின் முதல் 64 கேபி, 5 பிராசசர், 8 டிஸ்ப்ளே மெமரி, 9 பயாஸ் சிப்பின் செக்சம் (உள்ளிருப்பது கெடாமல் இருக்கிறதா என்று கூட்டிப் பார்க்கும் கணக்கு). அவார்டில் ஒரு நீளம், இரண்டு குட்டை வந்தால் கிராபிக்ஸ் கார்டு. நீண்ட பீப் விட்டுவிட்டு ஓயாமல் வந்தால் ராம். ஃபீனிக்ஸ் இடைவெளி விட்டு ஒலிக்கும்: 1-3-4-1 என்றால் ராம், 1-2-2-3 என்றால் பயாஸ் செக்சம்.

ஒரே ஒரு குட்டை பீப் பலரையும் குழப்பும். அதோடு திரையும் வந்துவிட்டால் எல்லாம் நலம். திரை வராவிட்டால் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். பயாஸ் ஏஎம்ஐ என்றால் ராமையும் சேர்த்துப் பாருங்கள்.

4. ராமைக் கழற்றி மாட்டுங்கள்

சோதனை எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான் பீப் சொல்கிறது. அந்த உதிரி செத்துவிட்டது என்று சொல்வதில்லை. பழைய கணினிகளில் ராம் கோளாறாகத் தெரிவது பல நேரம் வெறும் தூசியும் தொடர்பு விட்டுப்போனதும்தான். புதிதாக எதையும் வாங்கும் முன் இந்த வேலையைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன்.

பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றுங்கள். தங்க நிறப் பற்களை மென்மையான ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களைத் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டைச் சுத்தமான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ராமை மாட்டும்போது இரு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று விழ வேண்டும். முதலில் ஒரே ஒரு ராமை மட்டும் மாட்டி ஓட்டுங்கள். பிறகு அதையே அடுத்த ஸ்லாட்டில். ராம் கெட்டதா, ஸ்லாட் கெட்டதா என்பது இப்படித்தான் பிரிந்து தெரியும்.

கிராபிக்ஸ் கார்டுக்கும் இதே வைத்தியம். மதர்போர்டிலேயே டிஸ்ப்ளே இருந்தால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு அதில் மானிட்டரைச் செருகிப் பாருங்கள்.

5. திரையில் எண் வந்தால்

ஐபிஎம் வழி வந்த பழைய கணினிகளில் 161 என்றால் சிமாஸ் (தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் வைத்திருக்கும் சிறு நினைவகம்) பேட்டரி, 163 என்றால் தேதி, நேரம், 201 ராம், 301 கீபோர்டு, 1701 ஹார்டு டிஸ்க். மற்றவற்றில் சிமாஸ் செக்சம் தவறு என்று வாசகமாக வரும். தேதியும் பல வருடம் பின்னால் போயிருந்தால், சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றி, பயாஸ் செட்டிங்கில் தேதியைச் சரிசெய்யுங்கள்.

6. சத்தமே இல்லையா?

ராம் முழுவதையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இப்போது பீப் வந்தால் பிராசசரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன. ராமும் கிராபிக்ஸும்தான் சந்தேகத்துக்குரியவை. அப்போதும் மௌனம் என்றால், பிராசசர் அருகே செருகும் 4 பின் 12 வோல்ட் கனெக்டரைப் பாருங்கள். அது கழன்றிருந்தாலும் விசிறி சுற்றும். மதர்போர்டின் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருக்கிறதா என்றும் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் இது பரவலான நோய். வேறொரு நல்ல எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) கிடைத்தால் மாற்றிப் போடுங்கள். பழையதைத் திறக்கவே வேண்டாம், அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் மதர்போர்டின் பிசிஐ ஸ்லாட்டில் (கூடுதல் கார்டு செருகும் இடம்) செருகும், போஸ்ட் சோதனையைக் காட்டும் கார்டு உதவும். சோதனையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பயாஸ் அனுப்பும் குறியீட்டை அது எண்ணோ எழுத்தோ கொண்ட இரண்டு இடக் குறியாகக் காட்டும். எந்தக் குறியீட்டில் உறைந்து நிற்கிறதோ, அதை உங்கள் பயாஸின் பட்டியலில் தேடுங்கள். அவார்டில் சி1-லேயே நின்றுவிட்டால் மறுபடி ராம் ஸ்லாட்டுக்குத்தான் போக வேண்டும்.