ஐந்து எண்ணும்வரை பொறுங்கள்

மகளும் மருமகனும் காலை 7 மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பேரனுக்கு 4 மாதம் ஆனதிலிருந்து சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டில் பகல் முழுக்க அவனும் நானும்தான். பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். நானும் மூச்சுவிடாமல் பேசினேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தானே தவிர, ஒரு சத்தம் இல்லை. நான் இடம் விட்டால்தானே அவன் பேசுவான்!

இப்போது முதலில் அவன் கண் போகும் இடத்தைப் பார்க்கிறேன். ஜன்னல் வழியே எம்ஆர்டி பாதையைப் பார்த்தால், “ரயில் வருது” என்று சொல்லிவிட்டு மனத்துக்குள் ஐந்து எண்ணுவேன். ‘ஆ’ என்றாலும் சரி, கையை நீட்டினாலும் சரி, அதுதான் அவன் பதில். உடனே “ஆமாடா, ரயில்தான்! பெரிய ரயில்!” என்று ஒரு சொல் கூட்டிச் சொல்வேன். மறுபடியும் பொறுப்பேன்.

பருப்புக் கடைகிற விளையாட்டு இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. உள்ளங்கையில் கடைந்து, அம்மாவுக்கு, அப்பாவுக்கு என்று விரல் விரலாகப் பங்கு வைத்து, கைமேல் விரல்களை ஊரவிட்டு, கிச்சுக்கிச்சு மூட்டுவதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுங்கள். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்து, ஏதாவது சத்தம் கொடுத்து, மிச்சத்தைக் கேட்கும். 8 மாதத்தில் என் பேரன் அப்படித்தான் கேட்டான்.

ஆறு மாதக் குழந்தைக்கு எந்த மொழியின் ஒலியையும் பிரித்துக் கேட்கும் காது உண்டு. ஒரு வயதை நெருங்கும்போது, வீட்டில் கேட்காத ஒலிகளில் அந்தக் கூர்மை குறைந்துவிடும். அதனால் தமிழைப் பாலர் பள்ளிக்கு என்று தள்ளிவைக்காதீர்கள். என் பேரன் பழத்தைப் பார்த்து ‘பயம்’ என்றால் நான் திருத்துவதில்லை. “ஆமா, வாழைப்பழம்” என்று தோலை உரித்துக் கொடுப்பேன்.

மருமகன் அவனிடம் ஆங்கிலம்தான் பேசுகிறார். பேசட்டும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். கைப்பேசியை மட்டும் 18 மாதம்வரை கையில் கொடுக்காதீர்கள். சுகாதார அமைச்சும் அதைத்தான் சொல்கிறது. ஊரிலிருக்கும் சொந்தங்களோடு வீடியோவில் பேசுவது பரவாயில்லை, அங்கே பதில் சொல்ல ஆள் இருக்கிறதே.

ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் ‘பால் வேணும்’ மாதிரி இரண்டு சொல் சேரவில்லை என்றால், ‘ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்’ என்று இருந்துவிடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். பிறந்தபோது காது நன்றாக இருந்திருந்தாலும் மறுபடியும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

புத்தகத்துக்கு நார்த்பாயிண்ட்டில் இருக்கும் நூலகம் போகிறோம். முழுக் கதையையும் படித்து முடிக்கவேண்டும் என்றில்லை. பேரனுக்கு நாய் இருக்கும் பக்கம்தான் வேண்டும். அந்த ஒரு பக்கத்துக்காகவே புத்தகத்தை இன்னொரு முறை இரவல் எடுத்திருக்கிறேன்.