கோதையாற்று ஈயமும் ட்ரவுட் நிம்ஃபும்

குமரி மாவட்டத்துக் கோதையாற்றில் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு ஈயத்தின் வேலை ஒன்றுதான்: மண்புழுவை அடியில் கொண்டுபோய் உட்கார வைப்பது. அப்புறம் கெளுத்தி கடிக்கும் வரை கரையில் நாமும் உட்கார்ந்திருக்கலாம். இந்தப் பழக்கத்தோடு மலையேறி ட்ரவுட் மீன் பிடிக்கப் போனால் முதல் நாளே ஏமாற்றம்தான். நான் ஏமாந்தது அப்படித்தான்.

ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். நீலகிரி ஓடைகளில் அது வாழும், கோதையாற்றின் பேச்சிப்பாறை அணையில் பிழைக்காது. அதன் தீனியில் பெரும்பகுதி, ஆற்றடிக் கற்களில் ஒட்டி வாழும் பூச்சிகளின் இளம்பருவம். அதற்குப் போலியாகத் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, தலையில் உலோக மணி வைத்துச் செய்வதே நிம்ஃப். கல்லில் பிடி நழுவிய பூச்சி ஓட்டத்தோடு போய்க்கொண்டே இருக்கும். நிம்ஃபும் அப்படியே போக வேண்டும். மணியின் எடை அதை அடிவரை இறக்கினால் போதும், அங்கே நங்கூரம் போட வேண்டாம்.

பலர் தவறுவது மேல்நீரின் வேகத்தைப் பார்த்து எடை எடுப்பதில்தான். அடியில் கற்கள் தடுப்பதால் ஓட்டம் மெதுவாகவே இருக்கும். மேலே நுரை பறக்கிறதே என்று 4 மில்லிமீட்டர் மணியைப் போட்டால், கீழே போனதும் கல்லிடுக்கில் சிக்கிக்கொள்ளும். ஒரே காலையில் ஐந்து நிம்ஃப் தொலைத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. வீசும் ஒவ்வொரு முறையும் அடியில் தட்டினால் எடை அதிகம். தட்டவே இல்லையென்றால் குறைவு. சில வீச்சுகளுக்கு ஒருமுறை லேசாகத் தட்டினால் சரி.

எடை வேண்டுமென்று பெரிய நிம்ஃப் வாங்குவதும் தேவையில்லாதது. பித்தளையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தி டங்ஸ்டன் உலோக மணிக்கு, ஈயம்கூட அதற்குக் கீழேதான். அதனால் 16ஆம் எண் சிறு முள்ளில்கூட வேகமாக இறங்கும் நிம்ஃப் கிடைக்கும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். முள்ளின் எண் ஏற ஏற அளவு சிறுக்கும் என்பதையும் கடையில் மறந்துவிடாதீர்கள்.

மீன் கடிக்காவிட்டால் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நான் முதலில் எடையைத்தான் மாற்றுவேன். ஒரே வகை நிம்ஃபை 2, 2.5, 3, 3.5 மில்லிமீட்டர் மணிகளில் வைத்திருப்பது, பத்து வகையை ஒரே எடையில் வைத்திருப்பதைவிட மேல். பெட்டிக்குள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். மணிக்குப் பின்னால் சுற்றும் நூலில் எடைக்கு ஒரு நிறம் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

எடையைக் கூட்டும் முன் தூண்டில் நரம்பையும் பாருங்கள். தடித்த நரம்பை ஓட்டம் இழுக்கும், நிம்ஃப் இறங்காது. 0.15 மில்லிமீட்டர் நரம்புக்கு மாறினால் அதே மணி இன்னும் ஆழம் போகும். மீன் இருக்கும் இடத்துக்கு நேராகவே வீசுபவர்களுக்கு எந்த எடையும் உதவாது. இறங்க நேரம் வேண்டுமே, சற்று மேலே, ஓட்டம் வரும் பக்கம் வீசுங்கள்.

இதையெல்லாம் பழக நீலகிரி வரை போக வேண்டியதில்லை. கோதையாற்றில் முழங்கால் அளவு தெளிந்த நீரில் இரண்டு எடைகளை அடுத்தடுத்து விட்டுப் பார்த்தாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அணை திறக்கும் நாளில் மட்டும் ஆற்றில் இறங்காதீர்கள்.